யூரோலீக் 2022–23: கௌனாஸ் கோப்பை கடைசி ஷாட்டில்தான் முடிவானதா?

பலகைத்தட்டு

ஐரோப்பிய கிளப்களின் கூடைப்பந்து லீக்கான யூரோலீக்கின் அந்த சீசன் என்றதும் எல்லோரும் ஒரே ஒரு வீடியோவைத்தான் பகிர்கிறார்கள். 2023 மே 21, லித்துவேனியாவின் கௌனாஸ் நகரம், ஜால்கிரிஸ் அரங்கம். 3.2 வினாடி மீதி இருக்க மாட்ரிட்டின் செர்ஜியோ யூல் எழும்பிப் போட்ட ஷாட். ஸ்பெயினின் ரியால் மாட்ரிட் 79, கிரீஸின் ஒலிம்பியாகோஸ் 78. அந்த ஆட்டத்தில் யூல் எடுத்த புள்ளிகளே அந்த இரண்டுதான்.

ஷாட் அழகானது, மறுப்பதற்கில்லை. ஆனால் கோப்பையின் திசை அதற்கு மூன்று வாரம் முன்பே திரும்பிவிட்டது என்பது என் வாதம். பிளேஆஃபில் பெல்கிரேடின் பார்ட்டிசானிடம் முதல் இரண்டு ஆட்டத்தையும் சொந்த ஊரில் தோற்று, உள்ளே ஆடும் உயரமான ஆட்களையும் இழந்து நின்ற மாட்ரிட், வேறு வழியே இல்லாமல் சோன் டிஃபென்ஸுக்குள் (எதிராளியைக் காக்காமல், ஆளுக்கு ஒரு பகுதியைக் காப்பது) போனது. அந்த சோன்தான் கோப்பையைக் கொண்டுவந்தது. ஆட்கள் முழுமையாக இருந்திருந்தால் கோச் சூஸ் மதேயோ அதை இவ்வளவு நேரம் ஆடியிருக்கவே மாட்டார்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: அந்த சீசனில் 18 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற 17 அணிகளோடு உள்ளூரிலும் வெளியூரிலும் ஒரு ஆட்டம், ஆக 34 ரவுண்டு. முதல் 8 அணிகளுக்கு பிளேஆஃப், ஐந்தில் மூன்று வெல்ல வேண்டும். வென்ற நால்வருக்கு ஃபைனல் ஃபோர், அங்கே ஒரே ஆட்டம், தோற்றால் போச்சு. முதலிடம் ஒலிம்பியாகோஸ் (24–10). அடுத்து பார்சலோனா, மாட்ரிட் (இருவரும் 23–11), மொனாக்கோ (21–13), மக்காபி டெல் அவிவ், பார்ட்டிசான் (இருவரும் 20–14), ஜால்கிரிஸ், ஃபெனர்பாச்சே (இருவரும் 19–15). 18–16 எடுத்த பாஸ்கோனியா ஒரே ஒரு வெற்றியில் வெளியே.

முந்தைய இரண்டு ஆண்டும் தொடர்ந்து சாம்பியனான அனடோலு எஃபெஸ் முதல் எட்டுக்குள்ளேயே வரவில்லை. அந்த லீக் எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு அது போதும்.

சிவப்பு வெள்ளை

மாட்ரிட் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான் நண்பரே. ஒலிம்பியாகோஸ் பக்கமும் பாருங்கள். 2022 அரையிறுதியில் எஃபெஸிடம் மிச்சிச்சின் கடைசி நொடி மூன்று புள்ளியில் 77–74 தோல்வி. அடுத்த ஆண்டே திரும்பிவந்து முதலிடம். அதுவும் ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு மற்ற நால்வர் வேடிக்கை பார்க்கும் ஆட்டம் இல்லை. பந்து கை மாறிக்கொண்டே இருக்கும். சாஷா வெசென்கோவ் டிரிபிள் செய்து ஆளைத் தாண்டுவது அபூர்வம். ஸ்கிரீனுக்கு (தோழர் உடம்பால் காவலரை மறிப்பது) பின்னால் நழுவுவார், காவலர் தலையைத் திருப்பும் நொடியில் பேஸ்லைனில் (வளையத்துக்குப் பின்னுள்ள எல்லைக் கோட்டை ஒட்டி) வெட்டுவார், ஓடும்போதே பந்தை வாங்கிப் போடுவார். அப்படியே ஆட்டத்துக்கு 17.6 புள்ளி. லீக்கின் அதிகப் புள்ளிக்கான ஆல்ஃபோன்சோ ஃபோர்டு கோப்பையும் அவருக்கே, சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற எம்.வி.பி.யும் அவருக்கே. ஃபைனலில் 29 புள்ளி.

29 புள்ளி எடுத்தவரின் அணியை சோன் முடக்கியது என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒரு புள்ளியில் போன ஆட்டம் அது. கடைசியில் ஒலிம்பியாகோஸின் ஸ்லூகாஸ் போட்ட பந்து வளையத்துக்குள் இறங்கியிருந்தால் இந்த இழையின் தலைப்பே வேறு.

ஆறாவது ஆள்

பார்ட்டிசான் சீரிஸை விட்டுட்டு இந்தப் பேச்சே பேச முடியாது. முழு வரிசையையும் வெச்சிடறேன்:

1-வது ஆட்டம் (மாட்ரிட்டில்): 87–89, பார்ட்டிசான் வெற்றி
2-வது (மாட்ரிட்டில்): 80–95, பார்ட்டிசான்
3-வது (பெல்கிரேடில்): 82–80, மாட்ரிட்
4-வது (பெல்கிரேடில்): 85–78, மாட்ரிட்
5-வது (மாட்ரிட்டில்): 98–94, மாட்ரிட்

கூட்டிப் பாருங்க. அஞ்சு ஆட்டத்துல பார்ட்டிசான் 436, மாட்ரிட் 432. மொத்தப் புள்ளியில நாலு பின்னாடி இருந்த டீம் சீரிஸை ஜெயிச்சது. 0–2ல இருந்து திரும்பி வந்த டீம் யூரோலீக் பிளேஆஃப்ல அதுக்கு முன்னாடி ஒண்ணுகூட கிடையாது.

ரெண்டாவது ஆட்டம் முடிக்கவே இல்ல, 1:40 மீதி இருக்கும்போது நிறுத்திட்டாங்க. யூல் பார்ட்டிசானோட பண்டர் மேல போட்ட கடுமையான ஃபவுல்ல ஆரம்பிச்சு பெஞ்ச் மொத்தமும் உள்ள இறங்கி அடிதடி. மாட்ரிட்டோட யாபுசெலே, பார்ட்டிசானோட டாண்டே எக்ஸமைத் தூக்கித் தரையில போட்டார். எக்ஸமுக்குக் கால்ல காயம், அதோட அந்த சீரிஸ் அவருக்கு முடிஞ்சது. தண்டனை: யாபுசெலேக்கு 5 ஆட்டம், பண்டருக்கு 2, லெசோருக்கு (இவரும் பார்ட்டிசான்) 1, டெக்குக்கு (மாட்ரிட்) 1.

அந்த 5 ஆட்டத்தை எண்ணுங்க. மூணாவது, நாலாவது, அஞ்சாவது, அரையிறுதி, ஃபைனல். அதாவது சீசன் முடியுற வரைக்கும் யாபுசெலே ஒரு நிமிஷம்கூட ஆட முடியாது.

வேகப்பாஸ்

ஒரு சந்தேகம். 0–2 என்பது ஏன் அவ்வளவு பெரிய குழி? இன்னும் மூன்று ஆட்டம் இருக்கிறதே. அப்புறம், பார்சலோனாவும் மாட்ரிட்டும் 23–11 என்றால் யார் மேலே என்று எப்படித் தீர்மானித்தார்கள்?

கணக்குப்பிள்ளை

இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிளேஆஃப் அமைப்பு 2–2–1. அட்டவணையில் மேலே முடித்த அணிக்கு 1, 2, 5 ஆகிய ஆட்டங்கள் உள்ளூரில். 3, 4 எதிரணியின் ஊரில். அதனால் மேலே முடித்த அணி 0–2 ஆகிறது என்றால் தன் சாதகத்தை முழுக்கச் செலவழித்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த இரண்டும் எதிராளியின் கூட்டத்துக்கு நடுவே. மாட்ரிட் வென்ற அந்த இரண்டும் பெல்கிரேடில் என்பதைக் கவனியுங்கள்.

சமநிலை விதி இதைவிட நுணுக்கமானது. இரண்டு அணிகள் ஒரே வெற்றிக் கணக்கில் நின்றால் முதலில் அவர்களுக்குள் நடந்த இரண்டு ஆட்டத்தின் முடிவு. அது 1–1 என்றால் அந்த இரண்டு ஆட்டத்தின் புள்ளி வித்தியாசம். அதுவும் சமம் என்றால்தான் சீசன் முழுமைக்குமான வித்தியாசம். மூன்றோ அதற்கு மேலோ அணிகள் சமமாக நின்றால், அந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுத்துத் தனியாக ஒரு குட்டி அட்டவணை போடுவார்கள்.

பலரும் தவறவிடுவது ஓவர்டைம். கூடுதல் நேரத்தில் எடுத்த புள்ளி வித்தியாசக் கணக்கில் சேராது. ஓர் உதாரணம் (அணிகள் கற்பனை): ‘அ’ அணி உள்ளூரில் ஓவர்டைமில் 5 புள்ளியில் வென்றது. வெற்றி அதற்குத்தான், ஆனால் 40 நிமிட முடிவில் சமம் என்பதால் வித்தியாசம் 0. அடுத்து வெளியூரில் 1 புள்ளியில் தோற்றால், வெற்றி 1–1, வித்தியாசம் –1. மேலே போவது எதிரணி. ஸ்கோர்போர்டைப் பார்த்துக் கூட்டினால் +4 என்று தப்பாக வரும்.

இதனால்தான் தோல்வி உறுதியான பிறகும் கடைசி நிமிடத்தில் கோச் டைம்அவுட் கேட்கிறார். முதல் ஆட்டத்தில் 7 புள்ளியில் வென்ற அணிக்கு இரண்டாம் ஆட்டத்தில் 6 புள்ளித் தோல்வி கிட்டத்தட்ட ஒரு வெற்றி. 8 ஆனால் கைவிட்டுப் போகும். எதிரணி ஜெயித்துவிட்ட ஆட்டத்திலும் ஓடிப்போய் மூன்று புள்ளி போடுவதைப் பார்த்து மரியாதை இல்லாத ஆட்டம் என்று கோபப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பெயிண்ட் காவல்

பலகைத்தட்டு சொன்ன சோன் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மாட்ரிட்டின் உள்பக்கம் அப்போது எப்படி இருந்தது? யாபுசெலே தடையில். புவாரியே காயம். டெக் தடை முடிந்து திரும்பிவந்து, காயம்பட்டு ஃபைனல் ஃபோரைத் தவறவிட்டார். மிஞ்சிய பெரிய தூண் எடி டவாரெஸ், 2.20 மீட்டர். முன்பக்கத்தில் வயதான கார்டுகள் (வளையத்தை விட்டு வெளியே ஆடுபவர்கள்): சாச்சோ என்கிற செர்ஜியோ ரோட்ரிகஸுக்கு 36, யூலுக்கு 35, ரூடி ஃபெர்னாண்டஸுக்கு 38. இந்த ஆட்களை வைத்து ஆளுக்கு ஆள் காவல் போட்டால் இரண்டு இடத்தில் கிழியும்.

முதலாவது பிக் அண்ட் ரோல். எதிரணி கார்டு, டவாரெஸ் காக்கிற ஆளை மேலே கூப்பிட்டு ஸ்கிரீன் வைக்கச் சொல்வார். டவாரெஸ் மூன்று புள்ளிக் கோடு வரை வர வேண்டும். வந்தால் வளையம் காலி. வராவிட்டால் கார்டுக்குத் தடையில்லாத ஷாட்.

இரண்டாவது ஃபவுல். ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் ஐந்து ஃபவுலில் வெளியேற வேண்டும், என்.பி.ஏ.வில்போல ஆறு கிடையாது. டவாரெஸ் முதல் பாதியில் இரண்டு வாங்கிவிட்டால் மாற்று ஆள் இல்லாத அணி பதறிப்போகும்.

2–3 சோன் இரண்டையும் ஒரே அடியில் சமாளிக்கிறது. முன்னால் இருவர், பின்னால் மூவர், பின்வரிசையின் நடுவில் டவாரெஸ். யார் ஸ்கிரீன் வைத்தாலும் அவர் நகர வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இது இன்னும் வலுவாக இருப்பதற்குக் காரணம் விதி: என்.பி.ஏ.வில் காவலர் யாரையும் காக்காமல் பெயிண்டுக்குள் (வளையத்தின் கீழுள்ள வண்ணக் கட்டம்) மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிபாவில் அந்தத் தடை காவலருக்கு இல்லை, தாக்குகிறவருக்கு மட்டும்தான். டவாரெஸ் நாள் முழுக்க வளையத்தின் கீழ் நிற்கலாம்.

பார்ட்டிசானுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் 18 புள்ளி பின்தங்கிய மாட்ரிட் திரும்பியது இப்படித்தான். கௌனாஸிலும் அதையே கையில் எடுத்தார்கள்.

சிவப்பு வெள்ளை

விளக்கம் அருமை. ஆனால் சோனை உடைப்பது எப்படி என்று பள்ளி கோச்சுக்கும் தெரியும். ஒலிம்பியாகோஸ் கோச் பார்ட்சோகாஸ் 2013-லேயே இந்தக் கோப்பையை வென்றவர், அதுவும் இதே மாட்ரிட்டை 100–88 என்று தோற்கடித்து. அவருக்குத் தெரியாதா?

பெயிண்ட் காவல்

தெரியும், சந்தேகமே இல்லை. தெரிந்ததை ஒரு தாக்குதலுக்கு உள்ள 24 வினாடிக்குள், நாலாவது குவார்ட்டரில், கை நடுங்கும்போது செய்வதுதான் கஷ்டம்.

உடைக்கும் வழிகள் இவை. ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஓர் ஆள் திடீரென்று வெட்டி வந்து பந்தை வாங்க வேண்டும். அங்கே பந்து வந்ததும் டவாரெஸுக்கு இரண்டு மோசமான தேர்வுகள்தான்: முன்னேறினால் பின்னால் லாப் (தலைக்கு மேலே உயரப் பாஸ்), நின்றால் 4 மீட்டரில் தடையில்லாத ஷாட். அடுத்து பேஸ்லைன் ஓரம், வளையத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, காவலர் கண்ணில் படாமல் பதுங்கும் ஆள். மூன்றாவது, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குத் தலைக்கு மேலே நீளப் பாஸ். மூலையில் மூன்று புள்ளிக் கோடு 6.60 மீட்டர்தான், மேலே 6.75. நான்காவது, தவறிய ஷாட்டுக்குப் பின்னால் ரீபவுண்டுக்கு (துள்ளி வரும் பந்துக்கு) பாய்வது. சோனில் யார் யாரை மறிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்காது, அங்கே ஓட்டை இருக்கும்.

கோளாறு எங்கே வரும் என்றால், பந்து மேலேயே சுற்றுவதில். கார்டு டிரிபிள் செய்கிறார், பக்கத்தில் கொடுக்கிறார், திரும்ப வாங்குகிறார். ஷாட் கிளாக்கில் 14 வினாடி போயிருக்கும், டவாரெஸ் ஓர் அடிகூட நகர்ந்திருக்க மாட்டார். 8 வினாடி மீதி இருக்கும்போது யாரோ ஒருவர், காவலரின் கை மறைத்து நிற்க, மூன்று புள்ளி போடுவார். விழுந்தால் சோன் தோற்றதுபோல் தெரியும், விழாவிட்டால் வென்றதுபோல் தெரியும். உண்மையில் இரண்டு முறையும் மாட்ரிட் விரும்பிய ஷாட்தான் அது.

ஒலிம்பியாகோஸின் பலமே ஆளுக்கு ஆள் காவலின் தப்பைத் தண்டிப்பது. வெசென்கோவின் வெட்டு ஓட்டம் ஒரு குறிப்பிட்ட காவலரின் கவனக்குறைவை நம்பி இருக்கிறது. சோனில் அவருக்கென்று ஒரு காவலரே கிடையாது. அவர் ஓடி வரும் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் நிற்பார். அப்படியும் 29 எடுத்தார் என்பது அவருடைய பெருமை. மற்ற நால்வருக்கான வழி அடைபட்டது என்பதுதான் நான் சொல்வது.

ஆறாவது ஆள்

இதுல சாச்சோவை விட்டுடாதீங்க. ஃபைனல்ல 15 புள்ளி, 9 அசிஸ்ட் (கூடைக்கு வழி செஞ்ச பாஸ்). டவாரெஸ் 13 புள்ளி, 10 ரீபவுண்ட், ஃபைனல் ஃபோர் எம்.வி.பி. அவர்தான். ஆனா அந்த 9 அசிஸ்ட் இல்லன்னா எம்.வி.பி.யும் இல்ல, கோப்பையும் இல்ல.

சோன் ஆடுறதுல சாச்சோவுக்கு இன்னொரு லாபம் இருக்கு. ஆளுக்கு ஆள் காவல்னா எதிரணி ஒவ்வொரு தடவையும் 36 வயசு ஆளைத் தேடிப்பிடிச்சு ஸ்விட்ச் (காக்குற ஆளை மாத்திக்கிறது) பண்ண வெச்சு அடிக்கும். அஞ்சு நிமிஷத்துல மூச்சு வாங்கும், கோச் வெளிய எடுத்துடுவார். சோன்ல அவர் ஒரு பகுதியை மட்டும் காத்தா போதும். அப்போ காலும் மூச்சும் மிச்சமாகும், அதை அந்தப் பக்கம் போய் தாக்குதல்ல செலவு பண்ணலாம். பெரிய ஆட்கள் இல்லாததால வந்த சோன், வயசான கார்டுகளை ஆட்டத்துல வெச்சிருக்க உதவிச்சு.

பலகைத்தட்டு

இந்தக் கண்ணியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், நன்றி ஆறாவது ஆள். முதல் பதிவில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

வேகப்பாஸ்

ஒலிம்பியாகோஸ்–மொனாக்கோ அரையிறுதியில் 27–2 என்று ஒரு குவார்ட்டர் இருந்ததாகப் படித்தேன். அச்சுப் பிழையா?

கணக்குப்பிள்ளை

பிழை இல்லை. மே 19, மூன்றாவது குவார்ட்டர். 10 நிமிடத்தில் மொனாக்கோ எடுத்தது 2 புள்ளி. ஆட்டம் 76–62. அந்த ஒரு குவார்ட்டரை வெட்டி எறிந்துவிட்டுப் பார்த்தால் மொனாக்கோ 60, ஒலிம்பியாகோஸ் 49. மொனாக்கோவுக்கு அதுதான் முதல் ஃபைனல் ஃபோர், இடைவேளையில் முன்னிலையில் இருந்தார்கள்.

இன்னோர் அரையிறுதியில் மாட்ரிட் 78, பார்சலோனா 66. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மொனாக்கோ 78–66 என்று பார்சலோனாவை வென்றது. இரண்டு நாளில் இரண்டு முறை அதே 78–66 தோல்வி பார்சலோனாவுக்கு.

பெயிண்ட் காவல்

அந்த மூன்றாவது குவார்ட்டரில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. மொனாக்கோவின் தாக்குதல் மைக் ஜேம்ஸ் போன்ற கார்டுகளின் தனித்திறமையை நம்பியது. அப்படிப்பட்ட அணிக்கு வறட்சி வந்தால் நீளமாக வரும். முதல் இரண்டு ஷாட் தவறியதும் ஆளாளுக்கு ‘நான் சரிசெய்கிறேன்’ என்று சீக்கிரமாகப் போடத் தொடங்குவார்கள். சீக்கிரமாகப் போட்ட ஷாட் தவறினால் திரும்பிக் காவலுக்கு ஓட ஆள் சரியான இடத்தில் இருக்க மாட்டார், எதிரணிக்கு எளிதான கூடை. எளிதான கூடை வாங்கினால் அடுத்த முறை இன்னும் அவசரம்.

அதை அறுக்க கோச்சிடம் இருப்பவை சில கருவிகள்தான். டைம்அவுட்: முதல் பாதிக்கு 2, இரண்டாம் பாதிக்கு 3, ஆட்டக்காரர் கேட்க முடியாது, கோச் மேசையில் கேட்க வேண்டும், பந்து நின்றாலோ எதிரணி கூடை போட்டாலோதான் கிடைக்கும். மூன்றாவது குவார்ட்டரிலேயே இரண்டைச் செலவழித்தால் கடைசி நிமிடங்களுக்கு ஒன்றுதான் மிஞ்சும் என்ற பயம் எப்போதும் இருக்கும். அடுத்த வழி, எப்படியாவது ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போவது. குவார்ட்டரின் ஐந்தாவது அணி ஃபவுலிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ உண்டு. கடிகாரம் நிற்கும், மூச்சு வரும், திரும்பி ஓட நேரம் கிடைக்கும். வறட்சியில் இருக்கும் அணி வளையத்தை நோக்கி நேராகப் போக வேண்டும் என்று கோச்கள் கத்துவது இதற்காகத்தான்.

சிவப்பு வெள்ளை

சரி, ஃபைனலின் கடைசி பொசெஷனுக்கு (தாக்குதல் வாய்ப்புக்கு) வருவோம். 78–77 என்று ஒலிம்பியாகோஸ் முன்னிலை. யூலின் முன்னால் நின்றவர் மூஸ்தஃபா ஃபால், 2.18 மீட்டர். சென்டரை (உள்ளே ஆடும் உயரமான ஆளை) கார்டு மீது ஸ்விட்ச் செய்ய விட்டதுதான் தப்பு என்று கிரேக்க ரசிகர்கள் பலரும் பார்ட்சோகாஸைத் திட்டினார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஆனால் உங்கள் கருத்து வேண்டும். ஃபாலை வெளியே எடுத்திருக்க வேண்டாமா?

பெயிண்ட் காவல்

நானும் ஏற்கவில்லை. ஃபாலை எடுத்தால் டவாரெஸை யார் மறிப்பது? ஷாட் தவறி டவாரெஸ் ரீபவுண்ட் எடுத்து அங்கேயே தட்டிவிட்டால் அதுவும் தோல்விதான். ஃபவுலும் செய்ய முடியாது. மூன்று புள்ளி முன்னிலை என்றால் ஃபவுலா காவலா என்று விவாதிக்கலாம், ஒரு புள்ளி முன்னிலையில் ஃபவுல் கொடுப்பது எதிரணிக்கே ஆட்டத்தைக் கொடுப்பது.

ஸ்விட்சின் நோக்கம் இதுதான்: தடையில்லாத மூன்று புள்ளியும் வேண்டாம், வளையத்துக்கு நேர் வழியும் வேண்டாம், ஓடியபடி, உயரமான கைக்கு மேலே, நடுத்தூரத்தில் ஒரு இரண்டு புள்ளி போடட்டும். கூடைப்பந்தில் காவல் அணி கொடுக்க விரும்பும் ஷாட் அதுவே. கொடுத்தார்கள். யூல் அதைப் போட்டார். அன்றைக்கு அதற்கு முன்பு ஒரு கூடைகூடப் போடாத ஆள். பத்து முறை அதே சூழ்நிலை வந்தாலும் நான் அதே காவலைத்தான் கேட்பேன்.

ஒலிம்பியாகோஸ் தோற்றது அந்த பொசெஷனில் இல்லை. அதற்கு முந்தைய சில நிமிடங்களில் முன்னிலையைப் பெரிதாக்க முடியாமல் போனதில்தான்.

ஆறாவது ஆள்

ஒரு புள்ளி கணக்கு மட்டும் சொல்லிட்டுப் போறேன். 2012-ல ஒலிம்பியாகோஸ் சி.எஸ்.கே.ஏ.வை 62–61னு ஜெயிச்சு கோப்பை எடுத்தது, பிரின்டெஸிஸ் கடைசி நொடி ஷாட். 2022-ல மாட்ரிட் எஃபெஸ்கிட்ட 58–57னு ஃபைனல் தோத்தது. 2023-ல மாட்ரிட் ஜெயிச்சது 79–78. அது அவங்களோட 11-வது கோப்பை, வேற எந்த கிளப்பும் பக்கத்துல இல்ல.

வேகப்பாஸ்

வெசென்கோவ் பற்றிப் பேசும்போது ‘இண்டெக்ஸ்’ என்று ஒரு எண் போடுகிறார்களே, அது எப்படிக் கணக்கிடுவது? என்.பி.ஏ. பக்கம் அதைப் பார்த்ததில்லை.

கணக்குப்பிள்ளை

பி.ஐ.ஆர். என்பார்கள். கூட்டல் பக்கம்: புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (பந்தைப் பறித்தது), பிளாக் (ஷாட்டைத் தடுத்தது), தனக்குக் கிடைத்த ஃபவுல். கழித்தல் பக்கம்: தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ, டர்னோவர் (பந்தை இழந்தது), தன் ஷாட் பிளாக் ஆனது, தான் செய்த ஃபவுல்.

ஒரு மாதிரிக் கணக்கு: 15 புள்ளி, 4 ரீபவுண்ட், 3 அசிஸ்ட், 4 ஃபவுல் வாங்கினார், கூட்டினால் 26. ஷாட் 9 தவறியது, ஃப்ரீ த்ரோ 1 தவறியது, டர்னோவர் 3, ஃபவுல் 3, மொத்தம் 16. இண்டெக்ஸ் 10. புள்ளி மட்டும் பார்த்தால் நல்ல ஆட்டம், இண்டெக்ஸில் சுமார்.

இதில் எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்பதுதான் குறை. டர்னோவர் ஒரு முழு பொசெஷனையே தின்கிறது, ஃபவுலோ பல நேரம் ஒன்றும் செய்வதில்லை. இரண்டுக்கும் –1 தான். காவல் கிட்டத்தட்டக் கணக்கிலேயே வராது. டவாரெஸைப் பார்த்து எதிரணி கார்டு பாதி வழியில் திரும்பிப் போகிறார் என்றால் அதற்கு எந்தக் கட்டத்திலும் எண் இல்லை. ஃபைனலில் யூலின் இண்டெக்ஸைத் தேடிப் பார்க்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

பலகைத்தட்டு

ஒரு விஷயம் விட்டுப்போனது, லீக்கின் அமைப்பு. 2021–22-ல் சி.எஸ்.கே.ஏ., ஜெனித், யூனிக்ஸ் என்று மூன்று ரஷ்ய கிளப்கள் இருந்தன. உக்ரைன் போர் தொடங்கியதும் நிறுத்தப்பட்டன. 2022–23-ல் அந்த இடங்களுக்கு வந்த மூன்று: பார்ட்டிசான், வலென்சியா, விர்டுஸ் போலோன்யா. அதில் ஒன்றுதான் சாம்பியனை விளிம்பு வரை தள்ளியது. பார்ட்டிசானின் ஒப்ராடோவிச் ஒன்பது முறை இந்தக் கோப்பையை வென்ற கோச், அவரை 2–0-விலிருந்து திருப்பியதுதான் மதேயோவின் மிகப் பெரிய வேலை என்று நினைக்கிறேன். மதேயோ, பழைய கோச் லாசோ போன பிறகு தலைமைப் பொறுப்புக்கு வந்த முன்னாள் உதவி கோச், அது முதல் சீசன்.

சிவப்பு வெள்ளை

எக்ஸம் காயமில்லாமல், பண்டரும் லெசோரும் மூன்றாவது ஆட்டத்தில் இருந்திருந்தால்? 82–80 என்று முடிந்த ஆட்டம் அது. பார்ட்டிசானின் முக்கியமான மூன்று பேர் ஒரே இரவில் போனார்கள். மாட்ரிட் ஆள் இழந்ததை மட்டும் எடைபோடுவது நியாயமில்லை.

ஆறாவது ஆள்

இது நியாயமான கேள்வி. என் கணிப்புல, முழு அணியோட பார்ட்டிசான் பெல்கிரேட்ல ஒண்ணு ஜெயிச்சிருக்கும், சீரிஸ் அங்கேயே முடிஞ்சிருக்கும். சோன் பேச்சே வந்திருக்காது.

பலகைத்தட்டு

ஒத்துக்கொள்கிறேன். என் வாதத்தை இப்படித் திருத்துகிறேன்: மூன்றாவது ஆட்டத்தைத் தடைகள் கொடுத்தன, ஐந்தாவதையும் ஃபைனலையும் சோன் கொடுத்தது. நாலாவது ஆட்டம் மட்டும் இரண்டிலும் சேராமல் நிற்கிறது, அதைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

அடுத்த சீசனில் இந்தக் கதையின் ஆட்கள் எங்கே போனார்கள் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். வெசென்கோவ் சாக்ரமெண்டோ கிங்ஸுக்கு. ஸ்லூகாஸ் ஒலிம்பியாகோஸை விட்டு பரம எதிரியான பனாதினாய்கோஸுக்கு. லெசோரும் பார்ட்டிசானிலிருந்து அங்கேதான். எஃபெஸின் கோச் அட்டமானும் அங்கே. 2022–23-ல் 18 அணிகளில் 17-வதாக முடித்த பனாதினாய்கோஸ், நீண்டகால உரிமம் இருந்ததால் லீக்கிலேயே தொடர்ந்தது. 2024 மே 26, பெர்லின் ஃபைனலில் மாட்ரிட் இடைவேளையில் 54–49 முன்னிலை, முடிவில் பனாதினாய்கோஸ் 95–80. இரண்டாம் பாதியில் மாட்ரிட் எடுத்தது 26 தான். கௌனாஸில் கடைசிப் பந்தைத் தவறவிட்ட ஸ்லூகாஸ் அங்கே ஃபைனல் ஃபோர் எம்.வி.பி.

வேகப்பாஸ்

ஃபைனலின் நாலாவது குவார்ட்டரைத் திரும்பப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பெயிண்ட் காவல்

பந்தைப் பார்க்காதீர்கள், டவாரெஸின் காலைப் பாருங்கள். ஒலிம்பியாகோஸ் தாக்கும் ஒவ்வொரு முறையும் அவர் எத்தனை அடி நகர்ந்தார், பந்து ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒருமுறையாவது போனதா, ஷாட் எடுத்தபோது கிளாக்கில் எவ்வளவு மீதி, இந்த மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். குறித்ததை இங்கே போடுங்கள், வரிசையாகப் பேசலாம்.